திருகோணமலைக்கு எப்போது வரலாம்? காற்றைக் கேட்டு நாள் குறியுங்கள்

டிசம்பர் விடுமுறைக்கு அறை கேட்டு ஒவ்வொரு வருடமும் எனக்கு அழைப்புகள் வரும். "இலங்கைக்கு டிசம்பர்தானே சீசன்?" என்று கேட்பார்கள். தெற்குக் கரையில் இருக்கிற ஹிக்கடுவைக்கும் உனவட்டுனவுக்கும் மிரிஸ்ஸவுக்கும் அது சரி. திருகோணமலைக்கு நேர்மாறு. அந்த மாதத்தில் உப்புவெளிக் கரையில் கலங்கிய அலை வந்து மோதும். வள்ளங்களை எல்லாம் தென்னைகளுக்குள் இழுத்து ஏற்றி வைத்திருப்பார்கள். புறாமலைத் தீவுக்குக் கூட்டிப்போக ஆள் கிடைக்காது. அலஸ்தோட்டத்தில் நான்கைந்து அறைகளை வாடகைக்கு விடுவதுதான் என் தொழில். அறை பூட்டிக் கிடந்தாலும், பிள்ளைகளோடு கடல் குளிக்க ஆசைப்படுகிறவர்களை அந்த மாதத்தில் வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எந்த மாதம் எதற்கு நல்லது, நாள் குறிக்கும்போது எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

காற்று எந்தப் பக்கம்?

கிழக்குக் கரையில் வருடம் இரண்டு காற்றுக்குள் அடங்கிவிடும். ஒன்று வாடை, வடகிழக்கிலிருந்து வருவது. மற்றது கச்சான், மேற்கிலிருந்து தரை வழியாக வருவது. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் மாதப் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வாடை வங்காள விரிகுடாவின் ஈரத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு நேரே எங்கள் கரைக்குத்தான் வரும். மழையும் அலையும் சேர்ந்தே வரும். திருகோணமலையில் சராசரியாக வருடத்துக்கு 1,600 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களுக்குள்ளேயே கொட்டித் தீர்த்துவிடும். நவம்பரும் டிசம்பரும் தலா 300 மி.மீ.க்கு மேல். ஜூனில் 30 மி.மீ. கூடத் தேறாது.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கும்போது கொழும்பும் காலியும் நனைகின்றன. அந்தக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பெய்துவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறிப் போயிருக்கும். அதுதான் கச்சான். மேனியை எரிக்கும். ஆனால் கடலுக்கு அதைப்போல நல்ல காற்று வேறில்லை. கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்ப இடமே கிடைக்காது. நிலாவெளியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பாதவிரல்களை எண்ணலாம்.

ஆகவே, கடலைப் பார்த்து நின்றால் காற்று முகத்தில் அடிக்கும் கரை குளிக்க உதவாது, முதுகில் அடிக்கும் கரை உதவும். இலங்கையைச் சுற்றி எந்தக் கரைக்குப் போவதாக இருந்தாலும் நான் இதையே பார்த்துச் சொல்வேன். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தங்கள் கடல் பொங்கும் மாதங்களில் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்கு வந்து வாடி என்ற தற்காலிகக் குடில் போட்டுத் தொழில் செய்து, வாடை தொடங்கும்போது திரும்பிப் போவார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்கம் இது. பயண முகவர்களின் அட்டவணையை விட அவர்களுடைய போக்குவரத்தை நான் நம்புகிறேன். எங்கள் ஊரில் நீச்சல் கண்ணாடியும் காற்றுக் குழாயும் மாட்டி முக்குளிக்கக் கூட்டிப்போகிற நிலையங்களில் பலவும் இப்படித்தான். வாடையில் கதவைப் பூட்டிவிட்டுத் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள்.

காற்றுக்காக இந்த ஊரில் போரே நடந்திருக்கிறது. பாய்க்கப்பல் காலத்தில் ஐப்பசி பிறந்தால் சென்னைக் கரையில் கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. நாலாபுறமும் நிலம் அணைத்த ஆழமான துறைமுகம் திருகோணமலையில் இருந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி ஊருக்கு வெளியே கடலில் இரு படைகளும் மோதின. வாடை தொடங்குமுன் துறைமுகம் யார் கையில் என்பதுதான் அவர்களுக்கு உயிர்ப்பிரச்சினை.

என் தெரிவு: பெப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் முழுவதும்

யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது மார்ச் மாதம். மாரி மழை ஓய்ந்து, குளங்கள் இன்னும் நிரம்பிக் கிடக்கும். ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக வரும்போது இரு பக்கமும் பச்சை. கந்தளாய்க் குளக்கட்டில் வாகனத்தை நிறுத்தி இறங்காமல் வருகிறவர்கள் குறைவு. கச்சான் இன்னும் பிறக்கவில்லை என்பதால் இரவில் மின்விசிறி போதும். கடல் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டு வரும். கரைவலைக்காரர் வலையைச் செப்பனிட்டுக் கடலில் இறக்கத் தொடங்கும் காலமும் இதுதான். விடியக்காலையில் சாம்பல்தீவுப் பக்கம் நடந்தால், வலை இழுக்கிற இடத்திலேயே சூடை, கீரி, பாரை மீன்களை வாங்கலாம்.

மார்ச்சை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் திமிங்கிலம். துறைமுக வாயிலுக்கு வெளியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் வரை வந்து நிற்கிறது. ஆழ்கடலில் திரிகிற நீலத்திமிங்கிலங்கள் அதனால்தான் இங்கே கரைக்கு அருகில் வருகின்றன. மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை அவற்றைக் காண வாய்ப்பு உண்டு. கூடுதலாகக் கிடைப்பது மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான். வள்ளம் பிடிக்கக் காசில்லாதவர்கள் காலை வெயில் ஏறுமுன் கோணேசர் கோயில் மலையுச்சிக்குப் போய்க் கிழக்கே பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்கலாம். கடல் அசையாத நாளில் தூரத்தில் நீர் பீச்சியடிப்பது மலையிலிருந்தே தெரியும். வள்ளத்தில் போகிறவர்கள் விடிந்தவுடனே புறப்படுங்கள். திமிங்கிலத்தைத் துரத்தி அதன் முன்னே போய் மறிக்கிற ஓட்டியாக இருந்தால் ஏறாதீர்கள். தூரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறவரோடு போனால் அது உங்களுக்கும் நல்லது, அந்த உயிருக்கும் நல்லது.

மகா சிவராத்திரி பெப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அந்த இரவு கோணேசர் கோயிலில் இருக்க விரும்பினால் அதற்கேற்ப நாளை அமைத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோயில், 1963இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. கடலுக்கு நேர் மேலே அந்தப் பாறையில் இரவு முழுக்க விழித்திருப்பது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். ஆனால் அந்தச் சில நாட்களுக்கு நகரத்தில் அறை கிடைப்பது கடினம். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை

கடல் குளிப்பதற்கும் பவளப்பாறை பார்ப்பதற்கும் இதுதான் நிச்சயமான காலம். ஏப்ரலில் காற்றே இராது. கடல் மிகத் தெளிவாக இருக்கும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். பின்னேரங்களில் இடியோடு மழை இறங்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரம் நாடு முழுவதும் வீதியில் நிற்கும், எங்கள் கரையும் அப்படியே. மேயில் பௌத்தரின் வெசாக் விடுமுறையிலும் கூட்டம்தான். இந்த இரண்டு வாரங்களையும் தவிர்த்தால் ஏப்ரல், மே இரண்டும் நல்ல மாதங்கள்.

ஜூனும் ஜூலையும் கச்சானுக்குரியவை. பகலில் 34, 35 பாகை இங்கே வழக்கம். வெயிலை விடக் காற்றுத்தான் வாட்டும். துவைத்த சேலை கொடியில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே மொறுமொறுவென்று காய்ந்துவிடும். உதடு வெடிக்கும். முதியவர்களும் கைக்குழந்தைகளும் உங்களோடு வந்தால் இந்த இரண்டு மாதங்களைத் தவிருங்கள் என்றே சொல்வேன். மற்றவர்கள் நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம். விடியலிலிருந்து ஒன்பது, பத்து மணி வரை கடல். நடுப்பகலில் உள்ளே படுத்திருங்கள். நாலரைக்குப் பிறகு மீண்டும் வெளியே வாருங்கள்.

கச்சான் காலத்துக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. கடல் அமைதியாகக் கிடப்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்றடைத்த மெத்தையிலோ டியூபிலோ பிள்ளை மிதந்தால், அலையே இல்லாமல் சத்தமின்றி அது வெளியே போய்க்கொண்டிருக்கும். பெரியவர் ஒருவர் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் போகும். கச்சான் வீசும் நாளில் இந்த மிதவைகளைக் கடலுக்குக் கொண்டு போகவே வேண்டாம். பந்து கடலுக்குள் போனால் போகட்டும், பின்னால் நீந்தாதீர்கள். என் வீட்டில் தங்குகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாவியைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவேன்.

ஓகஸ்ட் வந்தால் ஊரே நிறைந்துவிடும். உள்ளூர்ப் பாடசாலை விடுமுறை, ஐரோப்பியரின் கோடை விடுமுறை, புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து அப்படியே திருகோணமலைக்கும் வருவது எல்லாம் ஒன்றாகச் சேரும். அறை வாடகை வருடத்தின் உச்சத்தில் நிற்கும். ஓகஸ்டில்தான் வர முடியும் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்னதாக அறையை உறுதிசெய்யுங்கள். போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வார இறுதியில் மட்டும் வராதீர்கள்.

செப்டெம்பரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கூட்டம் கலைந்திருக்கும், கச்சான் தளர்ந்திருக்கும், வாடகை இறங்கியிருக்கும், கடல் இன்னும் தெளிவாகவே இருக்கும். சில பின்னேரங்களில் இடிமழை வரும், காலையில் அதன் சுவடே தெரியாது. மின்னேரியாக் குளம் வற்றி, புல் முளைத்து, யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுகிற காலம் ஓகஸ்டும் செப்டெம்பரும். ஹபரணைப் பக்கம் ஒரு பின்னேரம், பிறகு இங்கே மூன்று நாள் கடல் என்று திட்டமிட்டால் ஒரே பயணத்தில் இரண்டும் அமையும். விடுமுறையைத் தன் விருப்பப்படி எடுக்கக்கூடியவர்களுக்கு மார்ச்சுக்கு அடுத்தபடி நான் சொல்லும் மாதம் இது.

புறாமலைக்குப் போகிறவர்களுக்கு

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது புறாமலை. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. பெரியது, சிறியது என்று இரண்டு தீவுகள். கருஞ்செட்டைச் சுறாக் குட்டிகள் முழங்காலளவு தண்ணீரில் திரிவதை இங்கே பார்க்கலாம். பொதுவாக ஆட்களைத் தொடாது, பயப்பட வேண்டாம்.

ஏப்ரல் நடுவிலிருந்து செப்டெம்பர் வரை இதற்கு நல்லது. மார்ச்சில் நாளைப் பொறுத்தது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை யாராவது "கூட்டிப்போகிறேன்" என்றாலும் போகாதீர்கள். கடக்கிற தூரம் சிறியதுதான், ஆனால் வாடையில் அலை பெரியது, தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவும் தெரியாது. நல்ல காலத்திலும் முதல் வள்ளத்தில் போய்விடுங்கள். முற்பகல் ஆகஆகக் கூட்டம் கூடி, ஆட்கள் மிதித்து மணல் கிளம்பித் தண்ணீர் மங்கிவிடும்.

பவளப்பாறை மீது கால் வைக்காதீர்கள். கடல் மிகவும் சூடாகிற ஏப்ரல், மே மாதங்களில் பவளம் வெளுத்து, மிகவும் தளர்ந்த நிலையில் இருக்கக்கூடும். அந்த நேரம் ஒரு மிதி அதற்கு வருடக்கணக்கான இழப்பு. வெயிலுக்குக் களிம்பு பூசுவதை விட நீண்ட கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவது மேல். நுழைவுச்சீட்டை வனசீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் எடுக்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூட. வள்ளக்காசு தனி. வள்ளத்துக்கு ஆட்கள் சேர்ந்து போனால் பங்கு குறையும்.

வாடையில் வர விரும்பினால்

ஒக்டோபர் முதல் பாதி அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சில வருடம் தீபாவளி வரை கடல் கிடைக்கும், சில வருடம் கிடைக்காது. அதற்குப் பிறகு ஜனவரிக் கடைசி வரை கடல் குளிக்க வராதீர்கள். பெப்ரவரியில் மழை குறைந்தாலும் அலை முழுதாக அடங்கச் சில வாரம் எடுக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஜனவரியில் சென்னையும் புதுச்சேரியும் இதமாக இருப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். அங்கே மழை ஓய்ந்த பிறகும் எங்களுக்கு இன்னும் சில வாரங்களுக்கு விட்டுவிட்டுப் பெய்யும். கப்பலில் வரலாம் என்ற எண்ணத்திலும் காற்றை மறக்க வேண்டாம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி, பருவமழை காரணமாகச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது.

புயலையும் கணக்கில் எடுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்களைத் தாக்கிவிட்டுத்தான் அங்கே போனது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி கரை கடந்தது குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில். எல்லா வருடமும் வராது. ஆனால் வருவதென்றால் நவம்பர், டிசம்பரில்தான் பெரும்பாலும் வரும். அந்த மாதங்களில் விமானச்சீட்டையும் அறையையும் திகதி மாற்றக்கூடியதாகவே எடுங்கள்.

இத்தனையும் சொன்னாலும், கடலுக்குள் இறங்குகிற ஆசை இல்லாதவர்களுக்கு மார்கழி மோசமான மாதமல்ல. அறை வாடகை குறைவு, கரையில் உங்களைத் தவிர ஆளிராது. கோணேசர் மலையின் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்குக் கீழே அலை மோதுகிற சத்தத்தை வாடையில் கேட்பது போல மற்றக் காலத்தில் கேட்க முடியாது. திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் கோயிலுக்குப் போய்விட்டு, மழைத் தூறலோடு கன்னியாவுக்குப் போங்கள். ஏழு கிணறுகளிலும் ஒவ்வொரு அளவில் சூடான தண்ணீர். கச்சான் காலத்தில் அதை மொண்டு ஊற்ற மனம் வராது. மார்கழிக் காலையில் அந்தத் தண்ணீருக்குத் தனிச் சுகம்.

அறை பிடிக்குமுன்

திகதியைத் தீர்மானித்துவிட்டு, புறப்படுவதற்கு ஐந்தாறு நாள் முன்பு கைபேசியில் காற்று, அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். மழைக் குறியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காற்று மேற்கு அல்லது தென்மேற்கிலிருந்து என்று காட்டி, அலை அரை மீற்றருக்குள் இருந்தால் பிள்ளைகளோடு தாராளமாக வரலாம். வடகிழக்கு என்று காட்டி, அலை ஒரு மீற்றரைத் தாண்டினால் கடல் குளிப்பதை மறந்துவிட்டு வாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிரதேச அறிக்கையைக் கரையோர ஊர்ப் பெயர்களைச் சொல்லித்தான் வெளியிடும். காங்கேசன்துறை, திருகோணமலை, மட்டக்களப்பு என்று வருகிற பகுதியை வாசியுங்கள். காலி, அம்பாந்தோட்டைப் பகுதிக்கு எச்சரிக்கை வந்தால் அது எங்களுக்கும் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பிறகு தங்குமிடத்துக்கே அழைத்துப் பேசுங்கள். "காலநிலை எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். "இன்றைக்குக் கரைவலை இழுத்தார்களா? புறாமலைக்கு வள்ளம் போனதா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு நழுவலாகப் பதில் சொல்வது கடினம்.

அறையைத் தெரிவு செய்யும்போதும் காற்றை நினையுங்கள். கச்சான் மாதங்களில் கடலைப் பார்த்த அறைக்குக் கூடக் காசு கொடுத்தாலும் யன்னலால் காற்று வராது, காற்றெல்லாம் பின்பக்கம்தான். மேற்குச் சுவரில் மரநிழல் விழுகிற அறையைக் கேளுங்கள், இரவில் நன்றாகத் தூங்கலாம். மார்ச்சில் அந்தக் கவலை இல்லை, கடலைப் பார்த்த யன்னலே நல்லது. கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் விடியற்காலையிலேயே வந்து இறங்கிவிடுவீர்கள். அந்த நேரத்தில் பையை வைக்கவும் முகம் கழுவவும் இடம் தருவார்களா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.